செய்திப் படமும் ஊர்ப் படமும்

செய்திகளை எண்ணி, அவை எழுந்த இடங்களை நிலப்படத்தில் புள்ளியிட்டு, புள்ளி மிகுந்த இடத்துக்குச் செந்நிறம் தீட்டிக் காட்டும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. "படம் பொய் சொல்லாது" என்பாரும் உளர். அவர்களோடு நமக்கு வழக்குண்டு. செய்திப் படம் காட்டுவது, செய்தியாளரின் பேனா எட்டிய இடங்களையே. அதை நிகழ்ச்சிகளின் படமென்று கொள்வது அறியாமை. அதைக் கொண்டு ஓர் ஊரின் குணத்தை அளப்பது அநீதி.

2014 ஏப்ரலில் நைஜீரியாவின் சிபோக்கில் பள்ளி மாணவியர் கடத்தப்பட்டனர். அதன்பின் ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்னும் அமெரிக்க ஏடு, செய்திகளைக் கணிப்பொறியால் திரட்டும் ஜிடெல்ட் தொகுப்பைக் கொண்டு அந்நாட்டுக் கடத்தல்களைப் படமாக்கியது. ஆனால் தொகுப்பு எண்ணியது கடத்தல்களை அன்று. கடத்தல் பற்றிய செய்திகளை. ஒரே கொடுமை பல ஏடுகளில் வந்தால் பலவாகப் பெருகும். ஊர்ப்பெயர் இல்லாத செய்தி நாட்டின் நடுவிடத்தில் போய் விழும். அறிந்தோர் இடித்துரைக்கவே, ஏடு தன் பிழையை ஒப்புக்கொண்டது.

இக்குறையைத் திண்டுக்கல்லுக்குப் பொருத்திப் பாருங்கள். மாவட்டத்துக்கும் நகருக்கும் பெயர் ஒன்றே. நத்தத்திலோ வேடசந்தூரிலோ நடந்த குற்றம் 'திண்டுக்கல்' என்று மட்டும் அச்சேறினால், அதன் பழி நகரின் தலையில் ஏறும். 15-9-1985 அன்று தனி மாவட்டம் ஆகுமுன் இவ்வூர்கள் யாவும் மதுரை மாவட்டத்தில் இருந்தன. பின்னரோ திண்டுக்கல் அண்ணா, திண்டுக்கல் காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று மாவட்டத்தின் பெயர் மாறி மாறி வந்தது. நம் தலைவரின் பெயர் தாங்கிய நாளில் வந்த செய்தியை, இவ்வரலாறு அறியாத எந்திரம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்?

இடத்தை மட்டுமன்றி, எது செய்தி என்பதையும் கேட்க வேண்டும். நார்வே நாட்டு ஏடுகளை ஆய்ந்த கால்டுங்கும் ரூகேயும், நாளேட்டின் ஒருநாள் கணக்குக்குள் அடங்கும் நிகழ்ச்சியே எளிதில் செய்தியாகிறது என்று 1965இல் எழுதினர். கத்திக்குத்து ஒரே நாளில் முடிந்து விடுகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் திண்டுக்கல் சுற்றுப்புறக் கிணறுகள் கெட்டதோ ஆண்டுக்கணக்கில் நடந்த தீங்கு. முன்னது புள்ளியாகும், பின்னது படத்தில் வெற்றிடமாகவே கிடக்கும். பேகம்பூர் போன்று நம் மக்கள் செறிந்த பகுதியின் பெயர் காவல்துறைக் குறிப்பு வழியாக மட்டுமே ஏடேறுமாயின், படம் அதைச் சிவக்கச் செய்யும். அதைக் கண்டு வீடு தர மறுப்பவருக்கும், பெண் கொடுக்கத் தயங்குபவருக்கும் யார் மறுமொழி கூறுவது?

அப்படியாயின் படத்தையே தள்ளிவிடலாமா? கூடாது. 1854இல் இலண்டனில் வாந்திபேதி மரணங்களைப் படத்தில் குறித்த மருத்துவர் ஜான் ஸ்நோ, புள்ளிகளோடு வெற்றிடங்களையும் ஆராய்ந்தார். ஐந்நூறு பேருக்கு மேல் தங்கிய ஏழையர் விடுதியொன்றில் ஐவரே மாண்டது ஏன்? அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. அந்த வெற்றிடமே தெருக்குழாய்த் தண்ணீரின் மேல் அவர் கொண்ட ஐயத்துக்கு வலுவூட்டியது.

நாமும் வெற்றிடத்தைக் கேள்வி கேட்போம். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்ட மக்கள் 46 இலட்சம். திண்டுக்கல் மாவட்ட மக்கள் 21 இலட்சத்துக்கு மேல். தலைக்கணக்கில் சென்னைக்கு இரண்டு செய்தி என்றால் திண்டுக்கல்லுக்கு ஒன்று வரவேண்டும். வருகிறதா? நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாதம் தாம் வாங்கும் நாளேட்டை எடுத்து, பழனி, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம், குஜிலியம்பாறை என வட்டம் வட்டமாக எண்ணட்டும். குற்றம் எத்தனை, கல்வி எத்தனை, தண்ணீர் எத்தனை என்று பிரிக்கட்டும். செய்தியைத் தந்தவர் யார் என்றும் குறிக்கட்டும். அறிவிப்பாளர் யாரென்று ஆராயாமல் எந்த அறிவிப்பையும் ஏற்காத ஹதீஸ் கலை வளர்த்த சமுதாயத்துக்கு இது புதிய பாடமன்று.

அக்கணக்கை ஏட்டின் ஆசிரியருக்கு அனுப்புங்கள். எந்தச் செய்திப் படம் வெளிவந்தாலும், எந்த ஏடுகள், எத்தனை நாள், எத்தனை மக்களுக்கு எத்தனை செய்தி என்ற மூன்றையும் அதன் கீழ் எழுதுமாறு கேளுங்கள். இம்மூன்றும் இல்லாத படத்தை வைத்து எவ்வூரையும் எடைபோடாதீர்கள். பிறர் நம் ஊரை எடைபோடவும் விடாதீர்கள்.