கருவி நகர்த்தட்டும், கணக்கை நாம் சொல்வோம்!



ஆண்டு விழாவுக்காக நம்ம கம்ப்யூட்டர் லேபில் ஒரு குட்டி அனிமேஷன் தயாராகிறது. நம்ம ஊர் கருட சேவைதான் கதை. அதை வைத்து லேபில் ஒரு சண்டையே நடக்கிறது! "எல்லா கீஃபிரேமையும் செலக்ட் பண்ணி ஒரே இழுப்பு இழுத்தா டைமிங் சரியாயிடும். இதுக்கு ஏன் மண்டையை உடைச்சிக்கணும்?" என்கிறது ஒரு கட்சி. "ஒவ்வொண்ணா கையாலதான் நகர்த்தணும்" என்கிறது இன்னொரு கட்சி. என்னைக் கேட்டால் இரண்டு கட்சி சொல்வதும் பாதிதான் சரி. நகர்த்துகிற வேலையைக் கருவி செய்யட்டும். எதை, எவ்வளவு நகர்த்துவது என்பதை நம்ம கண் சொல்லட்டும்.

லேபுக்கு வராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கையால் வரைந்த காலத்தில் மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். கை கீழே இருப்பது ஒரு படம், மேலே இருப்பது ஒரு படம். இவைதான் கீஃபிரேம். நடுவில் வரும் படங்களை உதவி ஓவியர்கள் வரைவார்கள். அந்த நடுப்பட வேலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெயின் என்ற இருவர். அவர்கள் முறையில் உருவான 'ஹங்கர்' என்ற குறும்படம் 1974-ல் வந்தது. இப்போது இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரில் 'ஏ' அழுத்தினால் எல்லா கீஃபிரேமும் செலக்ட் ஆகிவிடும். 'ஜி' அழுத்தினால் நகரும், 'எஸ்' அழுத்தினால் நீளும் அல்லது சுருங்கும். வேலை முடிந்தது!

ஆனால் நிஜமாவே முடிந்ததா? பந்தை வைத்துப் பார்ப்போம். ஒருவன் பந்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், பிறகு விடுகிறான். சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழ அரை வினாடி ஆகும், அதாவது 12 ஃபிரேம். (பிசிக்ஸ் சார் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்!) காட்சி ரொம்ப வேகமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் இரண்டு மடங்காக இழுத்துவிட்டால் பந்து விழ 24 ஃபிரேம் ஆகும். ஈர்ப்பு விசை ஆறில் ஒரு பங்கே உள்ள நிலாவில் அதே உயரத்துக்கு சுமார் 29 ஃபிரேம்தான். ஆக, நம்ம பந்து கிட்டத்தட்ட நிலாவுக்கே போய்விட்டது! விழும் 12 ஃபிரேமைத் தொடாமல், விடுவதற்கு முன்னால் கை நிற்கிற நேரத்தை மட்டும் கூட்டியிருந்தால் காட்சியும் நிதானமாகியிருக்கும், பந்தும் பந்தாக இருந்திருக்கும். எந்த இடைவெளியை நீட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பது இழுக்கிற கருவிக்குத் தெரியாது. அது எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் நீட்டும்.

இது நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதுசா என்ன? தறியைப் பாருங்கள். 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு கொண்டுவந்த கருவிதான் இன்றும் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. எந்தப் பாவு இழை தூக்க வேண்டும் என்பதை அட்டையில் உள்ள ஓட்டை சொல்லிவிடும். அப்படியானால் டிசைன் தானாகவே வந்துவிடுமா? ஊடையை லேசாக அடித்தால் மயில் நீண்டுபோகும். அழுத்தி அடித்தால் அமுங்கிப்போகும். அட்டை அதேதான், மயில் வேறு! கோர்வைச் சேலையில் இன்னும் கஷ்டம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவரும் உதவிக்கு உட்கார்ந்திருப்பவரும் ஒருவருக்கொருவர் நேரம் பார்த்துத்தான் நாடாவைத் தள்ள வேண்டும். கருவி வந்த பிறகும் அந்த நிதானம் கையில்தான் இருக்கிறது.

நம்ம கருட சேவைக் காட்சிக்கு வருவோம். வரதர் என்றால் குடையழகு என்று சொல்வார்கள் அல்லவா? தூக்கி வருபவர்கள் அடி வைத்ததும் முதலில் வாகனம் அசையும். அப்புறம் குடை சாயும். கடைசியில்தான் குடையின் தொங்கல் ஆடும். மூன்றின் கீஃபிரேமையும் ஒரே ஃபிரேமில் வைத்து மொத்தமாக நகர்த்தியதால் இப்போது நம்ம படத்தில் குடை மரக்கட்டை மாதிரி நிற்கிறது. குடையை இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளி, தொங்கலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள், உயிர் வந்துவிடும். இப்படி வரிசையாகத் தள்ளி வைக்கவும் கருவி இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் தெருமுனையில் திரும்பும்போது நடை மாறுமே, அதை நேரில் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

"மோஷன் கேப்சர் வந்தாச்சே, இனிமே எதுக்கு இதெல்லாம்?" என்று சிலர் கேட்கிறார்கள். 2014-ல் வந்த 'கோச்சடையான்' அப்படி எடுத்த படம்தான். ஆனால் அதிலும் நடிகர்கள் நடித்த அசைவைத்தானே பதிவு செய்தார்கள்? அங்கேயும் டைமிங் மனிதரிடமிருந்துதான் வந்தது.

இதை நான் இவ்வளவு தூரம் எழுதக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். 'தறி வேணாம், அனிமேஷன் படி' என்று கடன் வாங்கியாவது படிக்க வைக்க நினைக்கும் வீடுகள் உண்டு. பட்டனை அழுத்த மட்டும் கற்றுக்கொண்டால், அந்த வேலையை நாளைக்கு மென்பொருளே செய்துவிடும். எங்கே நிறுத்தணும், எங்கே ஓட விடணும் என்று தெரிந்தவருக்குத்தான் வேலை நிலைக்கும் என்பது என் எண்ணம்.

எனவே கம்ப்யூட்டர் ஆசிரியருக்கு ஒரு பணிவான வேண்டுகோள். லேப் வகுப்பில் முதல் பத்து நிமிடம் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம். ஸ்டாப்வாட்சை வைத்து நடையையும், பந்தையும், நாடாவையும் அளந்து நோட்டில் எழுதுவோம். அதன்பின் கருவியைக் கையில் எடுப்போம். ஆண்டு விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, குடையையும் சரி செய்துவிடலாம்!



– பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி