எல்க் மானும் குடியானவர் நிலமும்

காட்டு மிருகங்களை விருத்தி செய்வது என்ற பேச்சு எழுந்தவுடன், காட்டோரத்தில் நிலமுள்ள குடியானவருக்கு முதலில் நினைவுக்கு வருவது இரவெல்லாம் காவலிருந்த பரணும், விடிந்தபின் கண்ட மிதிபட்ட பயிருமேயாகும். அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவோர் உளர். அது தவறு. மிருகங்களைக் கொணர்ந்து காட்டில் விடுவது அவ்வளவு கஷ்டமான காரியமன்று. அவை அங்கேயே தங்கி மேயும்படி இடத்தைப் பண்படுத்துவதும், விட்டபின் ஆண்டுதோறும் கணக்கு வைத்துவருவதுமே கஷ்டமானவை. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கென்டக்கி மாகாணத்தில் எல்க் மானை மீட்ட வரலாறு இதனை விளக்கப் போதுமானது.

பெயரைப்பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையிலும் தென்னிந்திய மலைகளிலும் வேட்டையாடிய துரைமார்கள் நம் மிளாவையே எல்க் என்று எழுதிவைத்தார்கள். ஐரோப்பாவிலோ அப்பெயர் மூஸ் என்னும் வேறொரு பிராணியைக் குறிக்கும். பழைய ரிக்கார்டுகளைப் புரட்டும் அதிகாரிகள் இதில் மயங்கலாகாது. இங்கே கூறப்படுவது வட அமெரிக்காவின் வாபிட்டி. அதன் கலை ஏறக்குறைய 700 ராத்தல் எடை வளரும். புல்லும் பூண்டும் மேயும். குளிர்காலத்தில் இளங்கிளைகளையும் மரப்பட்டையையும் தின்னும்.

கென்டக்கியில் இம்மான் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வேட்டையாலும் காடழிப்பாலும் அற்றுப்போயிற்று. 1997-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் கான்ஸாஸ் மாகாணத்திலிருந்து கொணரப்பட்ட 7 மான்கள் முதன்முதலாக விடப்பட்டன. 2002-க்குள் மேற்கேயுள்ள ஆறு மாகாணங்களிலிருந்து வந்தவை மொத்தம் 1,541. கிழக்குப் பகுதியிலுள்ள 16 ஜில்லாக்கள், சுமார் 41 லட்சம் ஏக்கர் நிலம், இதற்கென ஒதுக்கப்பட்டன. அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு முக்கிய காரணம், அங்கே சாகுபடி சொற்பம், ஜனநெருக்கமும் சாலைகளும் குறைவு என்பதே. இந்த ஒரு விஷயத்தில் அம்மாகாணத்தார் காட்டிய விவேகம் பாராட்டத்தக்கது. பயிருக்கும் மிருகத்துக்கும் இடையே தூரத்தை முதலில் வைத்துவிட்டால், பிற்பாடு வேலி போடும் செலவில் பெரும்பாகம் மிச்சமாகும்.

அந்நிலத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. அதில் ஒரு பகுதி நிலக்கரிக்காக மலையுச்சிகளை வெட்டியெடுத்தபின் எஞ்சிய பூமி. 1977-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வெட்டிய இடத்தைச் சுரங்கக்காரர் மீண்டும் நிரவிப் பசுமைப்படுத்த வேண்டியவர்கள். அவர்கள் கனத்த இயந்திரங்களை மேலும் கீழும் ஓட்டி, மண்ணைக் களத்துமேடுபோல் இறுக்கி, அதன்மேல் ஃபெஸ்க்யூ புல்லையும் லெஸ்பெடீஸா என்னும் பயறுவகைச் செடியையும் விதைத்தார்கள். பார்வைக்குப் பச்சை; ஆயின் மழைநீர் உள்ளிறங்கவில்லை, மரவேர் ஓடவில்லை. அடர்ந்த புற்கற்றை தானாய் முளைத்த கன்றுகளையும் நெருக்கிக் கொன்றது. லெஸ்பெடீஸாவோ முற்றினால் துவர்ப்பேறி, கால்நடையும் விரும்பாத பூண்டாகிவிடும். மண் இறுகினால் பயிர் என்னாகுமென்று வண்டிப்பாதையை உழுது விதைத்துப் பார்த்த எந்தக் குடியானவரும் சொல்லுவார். சட்டம் எழுதியவர்கள் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு 2004 முதல் அந்த அப்பலாச்சியப் பிரதேசத்தில் வேறுமுறை பரவலாயிற்று. மேல்மண்ணை நான்கடி ஆழத்துக்கு இறுகவிடாமல் தளர்வாய்ப் பரப்புவது. பழைய இறுகிய நிலமானால் இயந்திரத்தின் பின்னே நீண்ட இரும்புக் கொழுவைப் பூட்டி ஆழமாய்க் கிழிப்பது. புல்லை மட்டாய் விதைத்து, அவ்விடத்துக்குரிய ஓக் முதலிய மரக்கன்றுகளை நடுவது. இதுவே சரியான பண்பாடு.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. எல்க் மான் திறந்த புல்வெளியை நாடுவது. நட்ட கன்றின் கொழுந்தும் அதற்கு இஷ்டமான தீனி. மரம் வளர்ப்போரும் மான் வளர்ப்போரும் ஒரே நிலத்தில் எதிரெதிராக நிற்கின்றனர். முழுதும் காடாக்குவதும், முழுதும் புல்லாகவே விடுவதும் பிழையே. ஒதுங்க மரமும், அதையொட்டி மேயப் புல்லும் மாறிமாறி இருப்பதே உசிதம். எவ்வளவு மரம், எவ்வளவு மான் என்பதை யூகத்தால் தீர்மானிக்கலாகாது. சிறு சிறு பாத்திகளை மான் நுழையாதபடி வேலியடைத்து, பக்கத்தில் அதேயளவு நிலத்தைத் திறந்துவிட்டு, இரண்டிலும் கன்றுகளை வருஷந்தோறும் எண்ணவேண்டும். எல்லோஸ்டோன் வனத்தின் வடபகுதியில் ஓநாய்கள் ஒழிந்திருந்த காலத்தில், 1994-ல், எல்க் 19,000 வரை பெருகியது. ஆஸ்பென், வில்லோ கன்றுகள் தலையெடுக்க வழியின்றிக் கடிபட்டே நின்றன. மான் தொகையை மட்டும் பார்த்திருந்தால் அதை அபிவிருத்தி என்றே எழுதியிருப்பார்கள்.

கென்டக்கியில் மான்களின் கழுத்தில் ரேடியோப் பட்டைகளை மாட்டி, அவற்றின் போக்கையும் சாவையும் குறித்துவந்தார்கள். அதனால் வெளிப்பட்ட விஷயமொன்று குடியானவருக்கும் பயன்படுவது. வெள்ளைவால் மானிடம் தீங்கின்றி வாழும் ஒரு புழு, நத்தை வழியாகப் புல்லோடு எல்க்கின் வயிற்றில் புகுந்து, மூளையையும் தண்டுவடத்தையும் கெடுத்துக் கொல்லுகிறது. அப்புழு வெள்ளாட்டையும் செம்மறியையும் விடுவதில்லை. மானைக் கண்காணிப்பது ஆட்டுக்காரருக்கும் லாபமாக முடிவது இவ்வாறே.

இப்போது அங்கே எல்க் 10,000-க்கு மேல் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 2001 முதல் அனுமதிச் சீட்டின்பேரில் வேட்டையும் நடக்கிறது. பார்க்க வருவோரும் பலர். வருமானம் இவ்வாறு பொதுவில் சேர, புல்லும் தோட்டமும் மிதிபட்டவருடைய நஷ்டம் அவரவர் தலையில் விழுவது நியாயமாகாது. மானை எண்ணும் பதிவேட்டிலேயே சேதமான ஏக்கரும் ஏறவேண்டும். சேதத்தை அறிவிக்கும் நிலக்காரரின் வாக்குமூலமும் கண்காணிப்பின் ஒரு பாகமெனக் கொள்ளப்படவேண்டும்.

வர்ஜீனியா மாகாணத்தார் 2012 முதல் 2014 வரை கென்டக்கியிலிருந்தே எல்க் மான்களை நோய்ப் பரிசோதனை செய்து கொண்டுசென்று, தங்கள் புகானன் ஜில்லாவின் சுரங்க நிலத்தில் விட்டார்கள். அதற்கு முன்னரே சில மான்கள் தாமாக எல்லையைக் கடந்து அங்கே போயிருந்தன. அவ்வாறு கடந்தவை இடித்த வேலிக்குப் பொறுப்பு எவரென்பதை, முதல் மானை ஏற்றிய லாரி புறப்படுமுன்பே அயல் சர்க்காருடன் கலந்து எழுதிவைப்பது முறை.