மேப்பைப் பார்த்து ஏமாறாதீங்க!

'ஃபால் செமஸ்டருக்கு அமெரிக்கா கிளம்புறேன்!' - உங்கள் செட்டில் ஒருத்தராவது இந்த டயலாக்கை விட்டிருப்பார். யார் கண்டது, அந்த ஒருத்தர் நீங்களாகவும் இருக்கலாம். யுனிவர்சிட்டியின் ரேங்க் என்ன, ஃபீஸ் எவ்வளவு, உதவித்தொகை தேறுமா என்று ராத்திரி பகலாக அலசியிருப்பீர்கள். ஒரு கேள்வியை மட்டும் கேட்டிருக்கவே மாட்டீர்கள்... 'அந்த ஊர்ல பஸ் இருக்கா?'

சிரிக்காதீங்க பாஸ். டெக்ஸாஸில் ஆர்லிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நட்டநடுவில். மக்கள்தொகை கிட்டத்தட்ட 4 லட்சம். பிரமாண்டமான ஃபுட்பால் ஸ்டேடியம் இருக்கு, நம்ம பசங்க ஏராளமா படிக்கிற யுனிவர்சிட்டி இருக்கு. ஆனால், ஸ்டாப்பில் நின்று ஏறுகிற டவுன் பஸ் கிடையாது! 1980, 1985, 2002 என்று மூன்று முறை ஓட்டெடுப்பு நடத்தினார்கள். மூன்று முறையும் மக்கள் 'வேணாம்'னுட்டாங்க. 2013-ல் ஒரே ஒரு ரூட்டில் பஸ்ஸை வெள்ளோட்டம் விட்டு, 2017 கடைசியில் அதையும் நிறுத்தியாச்சு. அதற்குப் பதிலாக, போனில் கூப்பிட்டால் வருகிற ஷேர் வேன். கேம்பஸைச் சுற்றி யுனிவர்சிட்டியின் ஷட்டில் ஓடும். அதைத் தாண்டினால், கார் வைத்திருக்கிற சீனியர்தான் உங்களுக்கு தெய்வம். அரிசி வாங்கக்கூட அவர் மூடு பார்க்கணும்.

'அப்ப ரயில் ஓடுற ஊரா பார்த்துப் போயிடலாமே!' என்பீர்கள். அங்கேதான் மேப் உங்களை ஏமாத்தும்.

பக்கத்து ஊரான டல்லாஸையே எடுத்துக்கோங்க. 'டார்ட்' என்கிற அதன் லைட் ரயில் சுமார் 150 கிலோமீட்டர் ஓடுகிறது. மேப்பைப் பார்த்தால் கலர் கலராக அசத்தும். பாஸ்டனின் கிரீன் லைன் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால், கொரோனாவுக்கு முன்னால் பாஸ்டனின் அந்தக் குட்டி லைனில் ஏறியவர்கள்தான் அதிகம். ஏன்? டல்லாஸில் பெரும்பாலும் பழைய சரக்கு ரயில் பாதைகளை வாங்கி லைன் போட்டார்கள். இடம் சல்லிசாகக் கிடைத்தது, ஆனால் பல ஸ்டேஷன்களில் இறங்கினால் எதிரே நிற்பது கார் பார்க்கிங்! பாஸ்டனில் ரயில் இரண்டு மூன்று யுனிவர்சிட்டி வாசல்களை உரசிக்கொண்டே போகிறது. இறங்கினால் வகுப்பு, இறங்கினால் கடை, இறங்கினால் வீடு. (டல்லாஸ் பக்கம் போகிறவர்கள் முகம் வாட வேண்டாம். 2025 அக்டோபரில் திறந்த சில்வர் லைன், யுனிவர்சிட்டி ஆஃப் டெக்ஸாஸ் அட் டல்லாஸ் பக்கத்திலேயே நின்று ஏர்போர்ட் வரை போகிறது.)

அதனால கிலோமீட்டரை விடுங்க. அடுத்த வண்டி எத்தனை நிமிஷத்தில் வரும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு... ஒரு ஊரின் தரத்தை நான் இந்த ரெண்டை வச்சுத்தான் எடைபோடுவேன்.

அந்தத் தராசில் நியூயார்க்கை அடிச்சுக்க ஆளில்லை. சப்வே 1904-லிருந்து ஓடுகிறது. 472 ஸ்டேஷன்கள். ஒரு ஸ்டேஷன் போனாலும் ஊரின் அந்தக் கோடி வரை போனாலும் ஒரே டிக்கெட்தான், 2026 ஜனவரியிலிருந்து 3 டாலர். முக்கியமான விஷயம், 24 மணி நேரமும் ஓடும்! எப்படிச் சமாளிக்கிறார்கள்? பல வழித்தடங்களில் பக்கத்தில் பக்கத்தில் நாலு தண்டவாளம் போட்டு வச்சிருக்காங்க. ரெண்டில் ரிப்பேர் வேலை நடக்கும்போது மற்ற ரெண்டில் ரயில் ஓடும். அழகு என்று பார்த்தால் பூஜ்யம்தான். எலி ஓடும், ஆடி மாச அனல் அடிக்கும், பாதிக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு இது ஒன்றும் உலகத்தர சேவை இல்லை, அதையும் சொல்லணும். ஆனாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட்டலில் பாத்திரம் கழுவிட்டு வர்றவருக்கும் வீட்டுக்குப் போக ஒரு ரயில் இருக்கே!

சிகாகோவில் ரெட், புளூ என்று ரெண்டு லைன்கள் விடிய விடிய ஓடும். ராத்திரி எத்தனை மணிக்கு ஃப்ளைட் இறங்கினாலும் ஓ'ஹேர் ஏர்போர்ட்டிலிருந்து புளூ லைன் பிடித்து ஊருக்குள் வந்துவிடலாம். காசும் குறைவு, படிப்பும் வேணும் என்றால் என் ஓட்டு சிகாகோவுக்குத்தான். வாஷிங்டன் மெட்ரோ பார்வைக்கு ராஜா வீடு. 1976-ல் திறந்தது, ஸ்டேஷன்களின் வளைவுக் கூரையைப் பார்த்துக்கொண்டே ரயிலை விட்டுடுவீங்க. ராத்திரி கடையைச் சாத்திடுவாங்க, தூரத்துக்கு ஏற்ப காசு. சான்ஃபிரான்சிஸ்கோவின் 'பார்ட்' ரயிலும் நள்ளிரவோடு ஓய்ந்துவிடும். அதுபற்றி ஒரு குட்டித் தகவல்: அமெரிக்க ரயில்கள் ஓடுகிற அகலத்தில் இல்லாமல், அதன் தண்டவாளத்தை 1,676 மில்லிமீட்டர் அகலத்தில் போட்டிருக்கிறார்கள். நம்ம தாம்பரம் - பீச் லைனும் அதே அளவுதான்!

பணக்கார ஊர்னா ரயில் நல்லா ஓடும்னு நினைச்சா, அதுவும் தப்புக் கணக்கு. பாஸ்டனைத்தான் மேலே புகழ்ந்தேன். அமெரிக்காவின் முதல் சப்வே 1897-ல் அங்கேதான் வந்தது. எம்.ஐ.டி., ஹார்வர்டு எல்லாம் அதே ரயில் பாதையில்தான். ஆனால், பராமரிப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் 2022 ஆகஸ்ட்டில் ஆரஞ்சு லைனை முழுசாக 30 நாள் மூடவேண்டி வந்தது. 2023 மார்ச்சில் சப்வே மொத்தத்துக்கும் வேகக் கட்டுப்பாடு. சில இடங்களில் மணிக்கு 16 கிலோமீட்டர்தான்... சைக்கிள்காரர் ஓவர்டேக் பண்ணிட்டுப் போவார். அப்புறம் முழிச்சுக்கிட்டு, 2024 முழுக்கப் பகுதி பகுதியாக லைனை மூடி, தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் மாத்தினாங்க. அந்த டிசம்பரில் 'மெதுவாகப் போகவும்' பகுதி ஒன்றுகூட இல்லை என்கிற நிலைமை வந்தது. ஒரு கிலோமீட்டர் புது லைன்கூடப் போடாமல் ஊரின் தரம் உயர்ந்த கதை இது.

இதைவிட எனக்குப் பிடித்தது ஹூஸ்டன் கதை. கார்களின் ஊர் அது. அங்கே பஸ்களெல்லாம் பழக்க தோஷத்தில் டவுன்டவுனை நோக்கியே ஓடிக்கொண்டிருந்தன. வேலையும் வீடும் வேறு திசைகளில் பரவிப்போனது பஸ் ரூட்டுக்குத் தெரியாது! 2015 ஆகஸ்ட் 16 - ஒரே ராத்திரியில் மொத்த ரூட்டையும் மாத்திட்டாங்க. செஸ் போர்டு மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ரூட்கள், முக்கியமான தெருக்களில் 15 நிமிஷத்துக்கு ஒரு பஸ், அதுவும் ஞாயிற்றுக்கிழமை உள்பட. கிட்டத்தட்ட அதே பட்ஜெட்தான்! வார இறுதியில் பயணிகள் எண்ணிக்கை ஏறியது. 15 நிமிஷத்தின் மகிமை புரியலைன்னா ஒரு கணக்கு போடுங்க. அரைமணிக்கு ஒரு பஸ், நடுவில் ஒருமுறை மாறணும். சமயம் சரியில்லைன்னா நிற்கிறதிலேயே ஒரு மணி நேரம் போச்சு. பார்ட் டைம் வேலைக்கு ரெண்டாவது நாளும் லேட்டா போனா, மூணாவது நாள் வேலை இருக்காது.

அட்லாண்டா சமாசாரம் வேறு. ஏர்போர்ட்டுக்குள்ளேயே ரயில் வருகிறது, ஜார்ஜியா டெக் பக்கமும் ஸ்டேஷன் உண்டு. ஆனால், ரயில் மேப்பைப் பார்த்தால் ஒரு கூட்டல் குறி மாதிரி நாலு பக்கமும் நீண்டு, சட்டென்று நின்றுவிடும். காசு பத்தாமல் மட்டும் நின்றதில்லை அது. 1965-ல் காப் மாவட்டமும், 1971-ல் கிளேட்டனும் குவின்னெட்டும் ஓட்டுப்போட்டு 'இங்கே வராதே' என்று சொல்லிவிட்டன. நகரத்துக் கறுப்பின மக்கள் ரயிலேறி எங்க ஏரியாவுக்கு வந்துடுவாங்களே என்கிற வெள்ளைக்காரப் புறநகர்களின் பயம் அதில் பெரும்பங்கு. கிளேட்டன் 2014-ல் மனசு மாறிச் சேர்ந்தது. காப்பும் குவின்னெட்டும் சொந்தமாகக் கொஞ்சம் பஸ் விடுவதோடு சரி. 2024 நவம்பரில்கூடப் போக்குவரத்துக்கான வரித் திட்டங்கள் இரண்டு இடத்திலும் தோற்றன.

லாஸ் ஏஞ்சலிஸில் சண்டை இன்னொரு தினுசு. அங்கே பெரும்பாலோர் ஏறுவது பஸ்ஸில். ஆனால் பணமெல்லாம் ரயிலுக்குப் போகிறதே என்று 1994-ல் பஸ் பயணிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. டிக்கெட் விலையை ஏத்தி, மாதாந்தர பாஸையும் நிறுத்தப்போகிறோம் என்று சொன்னதுதான் கடைசிக் கடுப்பு. 1996-ல் சமரச ஒப்பந்தம் போட்டு, பஸ் நெரிசலைக் குறைப்பதாகப் பத்து வருஷத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். நெரிசலில் தொங்கினவங்களே போட்ட கேஸ்!

இன்னிக்கு நல்லா ஓடுற ஊர் நாளைக்கும் ஓடும்னு கேரண்டி கிடையாது என்பதற்கு ஃபிலடெல்ஃபியா சாட்சி. 2025 ஆகஸ்ட் 24-ம் தேதி, மாநில அரசிடமிருந்து பணம் வராததால் 'செப்டா' நிர்வாகம் 32 பஸ் ரூட்களை ஒரேயடியாக நிறுத்தியது. மறுநாள் ஸ்கூல் திறப்பு! கோர்ட் தலையிட்டு, ரிப்பேர் வேலைக்காக வச்சிருந்த பணத்தை எடுத்துச் செலவழிக்க அனுமதி வாங்கி, செப்டம்பர் நடுவில்தான் பஸ்கள் திரும்பி வந்தன. டிக்கெட் விலையும் கூடவே ஏறியது.

சரி, வீடு பார்க்கிற நேரத்துக்கு வருவோம். ஸ்டூடண்ட் ஃபீஸிலேயே பஸ் பாஸ் அடங்கியிருக்கா என்று யுனிவர்சிட்டிக்கு ஒரு மெயில் தட்டுங்க. சியாட்டிலின் வாஷிங்டன் யுனிவர்சிட்டியில் அந்த வழக்கம் உண்டு, சிகாகோவில் பல கல்லூரிகளில் உண்டு. அப்புறம் ஆன்லைன் மேப்பில் லேபிலிருந்து வீட்டுக்கு ரூட் போடுங்க. திங்கட்கிழமை காலை பத்து மணி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணின்னு போடுங்க. 'நடந்து செல்ல 1 மணி 40 நிமிடம்' என்று பதில் வந்தால், வாடகை எவ்வளவு குறைச்சலா இருந்தாலும் அடுத்த வீட்டைப் பாருங்க பாஸ்!