இலவசமாக எடுக்கிறோம், என்ன கொடுக்கிறோம்?

(மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை)

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதாமல் நழுவுகிறவனை நம் ஊரில் யாரும் மெச்ச மாட்டார்கள். நூறோ ஐந்நூறோ, அவரவர் சக்திக்கு ஏற்றபடி எழுதிவிட்டுத்தான் வெற்றிலைப் பாக்குப் பையை வாங்குவோம். கை நனைத்த வீட்டுக்குக் கடன் வைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் பழக்கிய பழக்கம் அது. இந்த மரியாதை தெரிந்த நாம், கம்ப்யூட்டர் லேபுக்குள் நுழையும்போது மட்டும் அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி விட்டுவிடுகிறோம். இதுதான் என் குற்றச்சாட்டு. கோபப்படாமல் கேளுங்கள், நண்பர்களே.

உங்கள் பைத்தான் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பாருங்கள். கிராஃப் போடுகிற பயிற்சிகளில் முதல் இரண்டு வரிகளிலேயே நம்பை, மேட்பிளாட்லிப் என்ற பெயர்கள் இருக்கும். எண்களை வரிசையாக அடுக்கிக் கணக்குப் போடுவது நம்பை. அந்தக் கணக்கைக் கோடாகவும் புள்ளியாகவும் படம் போட்டுக் காட்டுவது மேட்பிளாட்லிப். இரண்டுக்கும் காசு கிடையாது. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றி எழுதலாம், மாற்றியதை நாலு பேருக்குக் கொடுக்கலாம். இதைத்தான் திறந்தமூல மென்பொருள் என்கிறோம். "சரிப்பா, இலவசமா கிடைக்குது, யூஸ் பண்றோம், இதுல என்ன தப்பு?" என்று கேட்பீர்கள். தப்பில்லை. ஆனால் நமக்குச் சும்மா கிடைக்கிறதே தவிர, அது சும்மா உண்டானதில்லை.

ஜான் ஹன்டர் என்பவர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நரம்பு உயிரியல் ஆய்வாளராக இருந்தார். வலிப்பு நோயாளிகளின் மூளையின் மேற்பரப்பில் பதிவு செய்யப்பட்ட மின் அலைகளை அலசுவது அவர் வேலை. அதற்கான மென்பொருளுக்கு அந்த ஆய்வகத்தில் இருந்தது ஒரே ஒரு லைசென்ஸ். டாங்கிள் என்ற சின்னச் சாவியைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் அது ஓடும். மாணவர்களும் ஆய்வாளர்களும் அந்த ஒரு சாவியை முறை வைத்து வாங்கி வேலை பார்த்தார்கள். ஒரு சிஆர்ஓவுக்கு மூன்று பேட்ச் காத்துக் கிடக்கிற நமக்கு இந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

ஹன்டர் முதலில் மேட்லாப்பில் ஒரு மாற்று எழுதிப் பார்த்தார். புரோகிராம் வளர வளர மேட்லாப் போதவில்லை. பைத்தானுக்கு வந்தார். அங்கே மேட்லாப் போலப் படம் வரைய அவருக்குத் தோதான வசதி இல்லை. ஐபைத்தான் என்ற மென்பொருளில் அதைச் சேர்க்கலாம் என்று ஒரு திருத்தம் எழுதி, அதை உருவாக்கிய பெர்னாண்டோ பெரஸுக்கு அனுப்பினார். பெரஸ் அப்போது பிஎச்.டி. முடிக்கும் நெருக்கடியில் இருந்தார். சில மாதங்களுக்குப் பார்க்க நேரமில்லை என்று பதில் வந்தது. நாமாக இருந்தால் "போடா" என்று விட்டிருப்போம். ஹன்டர் தனியாகவே உட்கார்ந்து எழுதி 2003-ல் வெளியிட்டார். அதுதான் மேட்பிளாட்லிப்.

வலிப்பு நோய்க்காக எழுதியது எங்கெல்லாம் போனது தெரியுமா? ஹப்பிள் தொலைநோக்கியின் அறிவியல் பணிகளைக் கவனிக்கும் விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டதோடு, அதன் வளர்ச்சிக்கும் கை கொடுத்தது. 2008-ல் பீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது தகவல்களைப் படமாக்கிப் பார்க்க அது உதவியது. 2019 ஏப்ரல் 10-ம் தேதி, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருக்கும் கருந்துளையின் படத்தை உலகமே வாய் பிளந்து பார்த்ததே, அந்த வேலையிலும் நம்பைக்கும் மேட்பிளாட்லிப்புக்கும் பங்கு உண்டு. அதைப் பார்க்க ஹன்டர் இல்லை. புற்றுநோய் சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கலால் 2012 ஆகஸ்ட் 28-ல், 44 வயதில் காலமானார். அவருடைய மூன்று பெண் குழந்தைகளின் படிப்புக்காக அவருடைய நண்பர்கள் நிதி திரட்டினார்கள்.

இதைவிட என்னை உறுத்திய செய்தி ஒன்று உண்டு. கருந்துளைப் படம் வெளியான ஐந்தாம் நாள், இந்தப் பைத்தான் அறிவியல் மென்பொருள்களைப் பராமரிக்கப் பணம் கேட்டுப் போட்ட விண்ணப்பத்தை அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தள்ளுபடி செய்தது. போதிய தாக்கம் இல்லையாம்! எல்லோரும் குடிக்கிற கிணற்றைத் தூர்வார யார் காசு கொடுப்பது என்ற பழைய பிரச்சினைதான். எல்லோருக்கும் பொது என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. பெரிய அமைப்புகள் கொடுக்கும்போது கொடுக்கட்டும். குடிக்கிற நாமும் ஒரு கூடை மண் அள்ளிப் போட வேண்டாமா?

"அதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை, நமக்கு எட்டாது" என்பவர்களுக்கு நம்ம சென்னைக் கதை ஒன்று. காமிக்ஸில் வரும் இரும்புக்கை மாயாவியை எல்லோருக்கும் தெரியும். இன்னொரு மாயாவி இருக்கிறது. விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்பது போன்ற கணக்குகளின் விடையை முப்பரிமாணப் படமாகக் காட்டும் திறந்தமூல மென்பொருள் அது. எழுதத் தொடங்கியவர் பிரபு ராமச்சந்திரன். அப்போது அவர் சென்னை ஐஐடியில் விண்வெளிப் பொறியியல் ஆராய்ச்சி மாணவர். 2001 வாக்கிலேயே மாயாவி வெளியே வந்துவிட்டது. அவரும் எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து எழுதவில்லை. விடிகே என்ற திறந்தமூல மென்பொருளின் தோளில் ஏறி நின்று எழுதினார். பிற்பாடு பிரான்ஸ் நாட்டு கயேல் வரோக்கோ போன்றவர்கள் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார்கள். பிரபு பின்னர் மும்பை ஐஐடியில் பேராசிரியரானார். எடுத்தார், மேலே கட்டினார், திருப்பிக் கொடுத்தார். இதுதான் முறை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கடைசி செமஸ்டர் வந்தால் நம்மில் எத்தனை பேர் புராஜெக்ட் "செய்கிறோம்", எத்தனை பேர் "வாங்குகிறோம்"? ரிப்போர்ட், பைண்டிங், வைவாவில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் வரை ஒரே பேக்கேஜாகக் கிடைக்கிறது. அப்பா வட்டிக்கு வாங்கிக் கொடுத்த ரூபாய் அந்தக் கடைக்குப் போகிறது. வைவா முடிந்ததும் அந்த மாடல் அட்டைப்பெட்டிக்குப் போகிறது. படித்தவனுக்கும் பிரயோஜனமில்லை, பார்த்தவனுக்கும் பிரயோஜனமில்லை.

அதே நேரத்தில் ஒரு திறந்தமூல மென்பொருளில் ஒரே ஒரு குறையைச் சரி செய்தால் என்ன? நானும் என் செட்டில் இரண்டு பேரும் செய்து பார்த்தோம். சின்ன மென்பொருள் ஒன்றின் விளக்கக் குறிப்பில் இருந்த உதாரணம் புதிய பதிப்பில் ஓடவில்லை. எந்தப் பதிப்பு, என்ன கட்டளை, என்ன பிழைச் செய்தி என்று எழுதி அனுப்பினோம். "நீங்களே திருத்தி அனுப்புங்களேன்" என்றார்கள். அனுப்பினோம். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். ஃபிட்டிங் ஷாப்பில் அரம் போட்ட பீஸை டிரை ஸ்கொயர் வைத்து, வெளிச்சம் தெரிகிறது, போய் இன்னும் ராவு என்பாரே இன்ஸ்ட்ரக்டர், அதே கதை. மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். மொத்தம் ஆறு வரி. ஆனால் அந்த ஆறு வரிக்குப் பக்கத்தில் எங்கள் பெயரும் தேதியும் பதிவாகி இருக்கிறது. இன்டர்வியூவில் யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கலாம். ஆறு வரிக்காக நாங்கள் படித்தது ஆறு நாள் பாடம்.

இதற்கு நம் நண்பர்கள் சொல்லும் தடைகள் எனக்குத் தெரியும். இங்கிலீஷ் வராது என்பார்கள். பிழையைச் சொல்லப் பெரிய இங்கிலீஷ் வேண்டாம், எண்ணும் கட்டளையும் சரியாக இருந்தால் போதும். கோடு எழுத வராது என்பார்கள். விளக்கக் குறிப்பைத் திருத்துவது, சோதனை செய்து பார்ப்பது, தமிழில் மொழிபெயர்ப்பது எல்லாமே பங்களிப்புதான். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன, அதுவும் யாரோ உட்கார்ந்து தமிழில் பேசியதால்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மொய் எழுதுகிறேன் என்று செல்லாத நோட்டைக் கவரில் போடக் கூடாது. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சியில், நாலு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்று அறிவித்தார்கள். ஒரு வார்த்தையை மாற்றி, ஒரு புள்ளியைச் சேர்த்து, குப்பையாக அனுப்பிக் குவித்துவிட்டார்கள். பராமரிப்பவர்கள் நொந்துபோக, நடத்தியவர்கள் நடுவிலேயே விதிகளை மாற்ற வேண்டி வந்தது. இன்று ஏஐ எழுதிக் கொடுத்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்புவதும் அதே குப்பைதான். நாம் அனுப்பும் ஒவ்வொன்றையும் எங்கோ ஒருவர், சம்பளமில்லாமல், தன் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துப் படிக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே என் கோரிக்கைகள் இரண்டு. துறைத் தலைவர்களுக்கு: ஏற்றுக்கொள்ளப்பட்ட திறந்தமூலப் பங்களிப்பையும் இறுதியாண்டு புராஜெக்ட்டாக அனுமதிக்க வழி செய்யுங்கள், வைவாவில் அந்தத் திருத்தத்தைப் பற்றியே கேள்வி கேளுங்கள். மாணவர் பேரவைக்கு: சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் லேபைத் திறந்து வைக்கக் கேட்டு வாங்குங்கள். தெரிந்த சீனியர் தெரியாத ஜூனியருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். கல்ச்சுரல்ஸுக்குக் கேட்டு வாங்குகிற நமக்கு இது முடியாதா?

அடுத்த ஆண்டு மலரில் இந்தப் பக்கத்தில் கட்டுரை வேண்டாம். நம் கல்லூரி மாணவர்கள் எந்தெந்த மென்பொருளில் எந்தெந்தக் குறையைச் சரி செய்தார்கள் என்று ஒரு பட்டியல் வரட்டும். பத்து வரி இருந்தாலும் போதும். செய்வோமா?