‘காமெடி ரிலீஃப்’ என்ற கட்டுக்கதை

சீரியஸ் நாடகம் ஒன்றைப் பற்றி விமர்சனம் எழுதும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: இறுக்கமான கதைக்கு நடுவே வரும் நகைச்சுவைக் காட்சிகள் இளைப்பாறுதல் தருகின்றன. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அதே கருத்து சில சமயம் குறையாகவும் வரும்: இவ்வளவு கனமான விஷயத்தில் சிரிப்பு எதற்கு, அழுத்தம் போய்விட்டதே. பாராட்டுகிறவரும் குறை சொல்கிறவரும் நம்புவது ஒன்றைத்தான். நாடகத்தில் துயரம்தான் சரக்கு, சிரிப்பு அதற்கு நடுவே விடும் இடைவேளை. இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தால் எதுவுமே நிற்பதில்லை.

இளைப்பாறல் என்ற வாதம் எங்கிருந்து வந்தது? பார்வையாளரின் மனத்தை ஆராய்ந்து யாரும் அதைக் கண்டுபிடித்துவிடவில்லை. பார்சி நாடகக் கம்பெனிகளின் மேடையைப் பார்த்தால் விளங்கிவிடும். தர்பார், அந்தப்புரம், நந்தவனம் என்று மேடையின் முழு ஆழத்தையும் பிடித்துக்கொள்ளும் பெரிய செட்டுகள். ஒன்றைக் கலைத்து இன்னொன்றைப் போட நேரம் வேண்டும். அதற்காகத் தெருவை வரைந்த படுதா ஒன்றை முன்னால் இறக்கி, அதற்கு முன் இரண்டு கோமாளிகளை விட்டார்கள். பின்னால் சிம்மாசனம் இழுபடும் சத்தத்தை முன்னால் எழும் சிரிப்பு மூடிவிடும். நம் கம்பெனி நாடகங்களுக்கும் இதே வாசனை உண்டு. சினிமா வந்தபோது படுதா போனது, பழக்கம் போகவில்லை. காமெடி டிராக்கைத் தனி ஆள் எழுதி, தனியாகப் படமெடுத்து, கதையோடு ஒட்டவைத்த காலம் ஒன்று இருந்ததே! செட் மாற்றுகிறவரின் அவசரத்தை நாம் அழகியல் கோட்பாடாக்கிவிட்டோம்.

அந்தப் படுதாவை உள்ளிருந்தே கிழித்த நாடகம் கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் எழுதிய ‘துக்ளக்’ (1964). அரண்மனைக் காட்சிகள் ஒரு பக்கம், அஜீஸ், ஆஜம் என்ற இரண்டு திருடர்களின் காட்சிகள் மறுபக்கம் என்று அதே பழைய கம்பெனி வழக்கப்படிதான் அவர் தொடங்கினார். எழுத எழுத அந்தப் பாகுபாடு தன் கையை மீறிப்போனதைக் கர்னாடே பின்னாளில் விளக்கியிருக்கிறார். முன்படுதாவுக்கு உரிய கோமாளிகள் வலுத்துக்கொண்டே போக, உள்ளே அரண்மனை காலியாகிக்கொண்டே வந்தது.

கதையைப் பாருங்கள். சுல்தான் மீதே வழக்குப் போடலாம், நீதி எல்லோருக்கும் ஒன்று என்று முகமது பின் துக்ளக் அறிவிக்கிறான். சலவைத் தொழிலாளியான அஜீஸ் ஒரு பிராமணனின் பெயரில் புகுந்து, பறிமுதலான நிலத்துக்காக வழக்காடி, இழப்பீட்டோடு அரசு வேலையும் வாங்கிவிடுகிறான். செப்பு நாணயம் செல்லும் என்று சுல்தான் சொன்னால் இவன் கள்ள நாணயம் அடிக்கிறான். ஒவ்வொரு லட்சியத் திட்டமும் தலைமேல் கிரீடத்தோடு அறிவிக்கப்படுகிறது, அதன் நிஜமான நிறைவேற்றம் அஜீஸின் கையில் நடக்கிறது. அவன் காட்சிகளை நீக்கிவிட்டால் மிஞ்சுவது நல்ல மனம் கொண்ட ஓர் அரசனின் தோல்வி, அவ்வளவுதான். அந்தத் தோல்வி யார் வீட்டில் என்னவாக விழுந்தது என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

தில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மக்களை ஓட்டிக்கொண்டு போகும் வழியில் ஒரு காட்சி. சாகக் கிடக்கும் குழந்தையோடு ஒரு தாய் வந்து, வைத்தியரைப் பார்த்துவர அனுமதி கேட்கிறாள். அதிகாரியாக இருக்கும் அஜீஸ் லஞ்சம் இல்லாமல் விட மறுக்கிறான். ஆஜமுக்கே மனம் கேட்கவில்லை. அதற்கு அஜீஸிடம் பதில் தயார்: குழந்தை எப்படியும் பிழைக்காது, வைத்தியருக்குக் காசைக் கொட்டுவது வீண். அவன் பேச்சின் சுறுசுறுப்பில் முந்தைய காட்சிகளிலிருந்தே நாம் சிரித்துப் பழகிவிட்டோம். இங்கும் பாதிச் சிரிப்பு வந்துவிடுகிறது. குழந்தையின் ஞாபகம் அடுத்த கணம் வருகிறது. இதில் இளைப்பாறல் எங்கே இருக்கிறது? நேரடிச் சோகக் காட்சியாக இருந்திருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாம் நல்லவர்களாகவே இருந்திருப்போம். இப்போது அஜீஸோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்ட குற்றம் நமக்கும் உண்டு.

கடைசியில் கலீபா வம்சத்து விருந்தாளியைக் கொன்று, அவர் வேடத்திலேயே வரும் அஜீஸின் முன் சுல்தான் பணிகிறான். தான் நிறுத்திவைத்த தொழுகையை மீண்டும் தொடங்கிவைக்க அழைத்துவந்த புனிதர் ஒரு கொலைகாரக் கோமாளி. உண்மை வெளியான பிறகு அஜீஸ் மன்னிப்புக் கேட்பதில்லை. உங்கள் ஆணைகளை என்னைப்போல் மனமாரப் பின்பற்றியவன் யார் என்று வாதாடுகிறான். அவனைத் தண்டிக்க முடியாமல் தக்காணத்தில் பதவி கொடுத்து அனுப்புகிறான் சுல்தான். துயர நாயகனும் கோமாளியும் ஒரே மேடையில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். நேருவின் காலத்துக் கனவுகளும் ஏமாற்றங்களும் அடுத்த தலைமுறைக்கு இந்த நாடகத்தில் தெரிந்ததில் வியப்பில்லை.

அடுத்தது சாஸ்திர வாதம். கிரேக்கர்கள் இரண்டையும் பிரித்தே வைத்தார்கள், மரபும் அதுதான் என்பார்கள். பொதுவாக அவர்கள் பிரித்தது உண்மை. ஆனாலும் யூரிப்பிடீஸின் ‘அல்செஸ்டிஸ்’, கி.மு. 438இல் மேடையேறியது, இழவு வீட்டில் குடித்துக் கூத்தடிக்கும் ஹெராக்ளிஸைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகை, இரண்டாவது அழுகை. வரிசையை வைத்து நான் வழக்காடப் போவதில்லை. ஆனால் நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளல் முதலில் நிற்பதையாவது கவனிக்கலாம். சிரிப்பை வெறும் குதூகலமாக அந்த நூல் பார்க்கவில்லை.

சூத்ரகரின் ‘மிருச்சகடிகம்’ இன்னும் நல்ல சாட்சி. அதில் வில்லனான சகாரன் ராஜாவின் மைத்துனன். ராமாயணத்தையும் பாரதத்தையும் போட்டுக் குழப்பி, யாரோ செய்ததை யாரோ செய்ததாக உளறுகிறான். அவன் வாயைத் திறந்தாலே சிரிப்பு. அந்த அசடன்தான் வசந்தசேனையின் கழுத்தை நெரித்துப் போட்டுவிட்டு, பழியைச் சாருதத்தன் மேல் போட்டு, அவனைக் கொலைக்களம் வரை அனுப்புகிறான். அசட்டுத்தனமும் அதிகாரமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சிரிக்கவைக்காமல் எப்படிக் காட்டுவது? மீசை முறுக்கும் பயங்கர வில்லனைப் போட்டிருந்தால் நாம் முதல் காட்சியிலேயே உஷாராகியிருப்போம்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் மதிக்கத்தக்கது. பிறர் துன்பத்துக்கு நடுவே சிரிப்பது அந்தத் துன்பத்தைக் கொச்சைப்படுத்தாதா? கொச்சைப்படுத்தும், சில சமயம். பெண்ணின் அவமானத்தையோ உடற்குறையையோ காட்டிச் சிரிப்பு வாங்கும் வசனங்கள் மேடையிலும் சினிமாவிலும் ஏராளம். அவற்றுக்காக நான் வாதாட வரவில்லை. கேட்கவேண்டியது, சிரிப்பு யார் பக்கம் திரும்புகிறது என்பதை.

தெருக்கூத்தில் இந்தக் கேள்விக்குக் கட்டியங்காரன் பதில் வைத்திருக்கிறான். ராஜா வருவதைக் கட்டியம் கூறி அறிவிப்பவனே அந்த ராஜாவை ஊர்ப் பேச்சில் கிண்டலும் செய்கிறான். வடதமிழ்நாட்டில் கூத்து பெரும்பாலும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் நடப்பது. துகில் உரியப்படுகிறவள் எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குத் தெய்வம். பாரதக் கதையிலேயே பக்தனுக்கு அதைவிட நோகும் இடம் வேறு இருக்காது. அந்த இரவிலும் கட்டியங்காரன் இருக்கிறான், பேசுகிறான். பக்தி குறைந்துவிடவில்லை. பெரியவர்கள் நிறைந்த சபை வாயடைத்து உட்கார்ந்திருந்த கதையில், வாய் உள்ளவன் அவன் ஒருவன்தான்.

இத்தாலியின் டாரியோ ஃபோ இதைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டார். 1969 டிசம்பரில் மிலான் நகர வங்கியில் குண்டு வெடித்தது. விசாரணைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட ரயில்வே தொழிலாளி பினெல்லி காவல் தலைமையகத்தின் நான்காம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டே ஃபோ அதை நாடகமாக்கினார், அதுவும் பச்சையான கேலி நாடகமாக. நீதிபதி வேடம் போட்ட ஒரு பைத்தியக்காரன், போலீசாரின் வாக்குமூலத்தை அவர்களையே நடித்துக்காட்ட வைக்கிறான். நடிக்க நடிக்க அது உளுத்துக் கொட்டுகிறது. பார்வையாளர்கள் அழுது கோபத்தைக் கரைத்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது ஃபோவின் நினைப்பு. அழுகைதான் அங்கே இளைப்பாறலாகியிருக்கும்.

கடைசி வாதத்தை வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை, ஆனால் எல்லா வாதத்துக்கும் அடியில் அது கிடக்கிறது: சிரிப்புக் காட்சி தரை டிக்கெட்டுக்காக, ரசனை உள்ளவர்களுக்கு அது தேவையில்லை. ரசனை உள்ளவர்கள் கையில் நாடகம் சிக்கியபோது நடந்தது சரித்திரத்தில் இருக்கிறது. ஹாம்லெட்டின் வெட்டியான்களை வால்டேர் பழித்தார். 1772இல் டேவிட் காரிக் அவர்களை மேடையிலிருந்தே நீக்கினார். ‘மேக்பத்’தில் கொலை நடந்த கையோடு கதவைத் திறக்க வரும் குடிகார வாயிற்காவலனை ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கவே மாட்டார் என்று கோல்ரிட்ஜ் சாதித்தார். அரசனைக் கொன்ற வீட்டின் வாசலை அந்தக் குடிகாரன் நரகத்தின் வாசலாகப் பாவித்து விளையாடுவது அவருக்குப் பொருட்டாகப்படவில்லை.

இவர்களை எல்லாம் மிஞ்சியவர் நேஹம் டேட். 1681இல் ‘லியர் அரச’னைத் திருத்தியபோது, அரசனிடம் உண்மை பேசும் விதூஷகனை முழுசாக எடுத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. கார்டீலியா சாகவில்லை, எட்காரை மணக்கிறாள், லியருக்கு நாடு திரும்பக் கிடைக்கிறது. சிரிப்பை நீக்கினால் துயரம் தூய்மையாகும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. விதூஷகனைத் தாங்கமுடியாத கையால் கார்டீலியாவின் சாவையும் தாங்கமுடியவில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆங்கில மேடை இந்தச் சுப முடிவோடுதான் லியரைப் பார்த்தது.

சோக முடிவு திரும்பிய பிறகும்கூட விதூஷகன் வெளியிலேயே நின்றான். 1838இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் மக்ரீடி அவனைத் திரும்பக் கொண்டுவரத் துணிந்தபோது, அவன் ஜனங்களைச் சலிப்பூட்டுவான், கவனத்தைக் கெடுப்பான் என்று அவருக்கே பயம் இருந்தது. பிரிசில்லா ஹார்ட்டன் என்ற நடிகைக்கு அந்த வேடத்தைக் கொடுத்து மேடையேற்றினார். நாடகம் கெடவில்லை.