தோட்டத் திடல் போன பிறகு

உடல் பருமன் பட்டணத்துப் பிள்ளைகளின் தொல்லை, தோட்டத்துப் பிள்ளைகள் ஓடியாடி வளர்கிறவர்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் இன்னும் இருக்கிறது. பத்தாங் காலியிலும் கோல சிலாங்கூர் தோட்டப்புறங்களிலும் அதைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. மலேசியாவின் தேசிய சுகாதார, நோயியல் ஆய்வின்படி, 2011இல் நாட்டில் 6.1 விழுக்காட்டுப் பிள்ளைகள் பருமனாக இருந்தார்கள், 2015இல் 11.9, 2019இல் 14.8. வயது வரம்பில் சிறு வேறுபாடு உண்டு என்றாலும் போக்கு தெளிவானது. மிகை எடையையும் சேர்த்தால் 2019இல் பத்துப் பிள்ளைகளில் மூவர். இதைப் பட்டணத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அதே 2019இல் வெளிவந்த உலக ஆய்வொன்று, 11 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களின் அளவுகளைத் திரட்டி, 1985க்குப் பின் ஏறிய உடல் எடையில் பாதிக்கு மேல் கிராமப்புறங்களில் ஏறியதே என்று காட்டியது. அந்தப் பெரியவர்களின் வீடுகளில்தான் பிள்ளைகளும் வளர்கிறார்கள்.

தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் இருந்த லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன. அந்த வாழ்க்கையில் வறுமையும் உரிமையின்மையும் நிறைந்திருந்தன. அது திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது, குடும்பங்களுக்கு மலிவு விலை வீடு கிடைத்தது. திடலுக்கு மாற்று கிடைக்கவில்லை. பள்ளி தூரமாகிவிட்டது. லாரி ஓடும் சாலையில் பிள்ளையை நடக்கவிட எந்தத் தாய் துணிவாள்? வேனில் போய் வேனில் திரும்பும் பிள்ளைக்கு மிஞ்சுவது கைப்பேசிதான். பையன்களாவது கார் நிறுத்துமிடத்தில் பந்து உதைக்கிறார்கள். பெண் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்துவிடுகிறார்கள், அதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. உலக அளவில் 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 விழுக்காட்டினருக்கும் பையன்களில் 78 விழுக்காட்டினருக்கும் போதிய உடலசைவு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சாப்பாடுதானே காரணம் என்று கேட்பார்கள். சீனி கலந்த பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது சரியான முடிவே. ஆனால் சாப்பாட்டைப் பற்றிய அறிவுரை கடைசியில் வேலை முடிந்து களைத்து வரும் தாயின் தலையில்தான் விழுகிறது. திடலைக் கொடுக்க வேண்டியவர்களோ தோட்ட நிறுவனமும் நகராண்மைக் கழகமும். நம் பிள்ளைகள் இன்னும் மெலிந்துதானே இருக்கிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அதிலும் உண்மை உண்டு: ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாக அதே 2019 தேசிய ஆய்வே சொல்கிறது. குட்டையாக வளர்ந்த பிள்ளைக்கும் பின்னாளில் எடை கூடலாம். இரு சாராருக்கும் சத்தான உணவோடு விளையாட்டும் வேண்டும். எடையைச் சொல்லிக் கேலி செய்வது யாருக்கும் உதவாது. தேர்வுக்கு நேரம் போதாது என்ற சாக்கும் வலுவிழந்துவிட்டது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இலேயே ரத்தானது. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குத் தாரைவார்ப்பதைப் பெற்றோர் சங்கங்கள் ஏற்கக் கூடாது. பள்ளி முடிந்து வேன் வரும்வரை திடல் பெண் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். தோட்ட நிலத்தை வீடமைப்புக்கு மாற்ற அனுமதி கேட்கும் நிறுவனம், முதல் வீட்டுக்கு அடித்தளம் போடும் முன்பே திடலை அரசுப் பதிவேட்டில் ஒதுக்கிக் காட்ட வேண்டும். அதுவரை அனுமதி தரக் கூடாது.