எலும்புக்கும் பெயர் உண்டு

போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா என்று ஒரு சிற்றூர். 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியர் படை அங்கே புகுந்து, சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று குவித்தது. கொன்றதோடு விட்டார்களா? இரண்டொரு மாதம் கழித்து, உலகம் கண்டுவிடுமே என்ற பயத்தில், யந்திரங்களைக் கொண்டு புதைகுழிகளைத் தோண்டி, பிரேதங்களை வாரி வேறிடங்களில் கொட்டி மூடினார்கள். ஒரே மனிதனின் தலை ஓரிடத்தில். தொடை எலும்பு பல மைலுக்கு அப்பால்!

சட்டையைப் பார்த்து அடையாளம் சொல்வது வெகு சிலருக்கே பலித்தது. காணாமற்போனோருக்கான சர்வதேசக் கமிஷன், உற்றாரிடம் துளி ரத்தம் வாங்கி, எலும்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டது. 2001இல் முதல் பலன் கிட்டியது. இதுவரை ஏறக்குறைய 7,000 பேருக்குப் பெயர் திரும்பியிருக்கிறது. அண்ணன் தம்பி இருவரும் மாண்டு, பெற்றோர் ரத்தம் மட்டுமே இருந்தால், எலும்பு மூத்தவனுடையதா இளையவனுடையதா என்று அது சொல்லாது. எலும்பின் முதிர்ச்சியைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

தாய்க்கு வேறொரு சங்கடம். கிடைத்தது ஓர் எலும்புதான். இப்போதே அடக்கம் செய்வதா, மிச்சமும் வரட்டும் என்றிருப்பதா? காத்திருந்தே கண்மூடிய தாய்மார்கள் உண்டு. அடக்கம் செய்தபின் மேலும் எலும்பு அகப்பட்டு, கல்லறையைத் திரும்பத் திறந்த குடும்பங்களும் உண்டு. எது சரி என்று வெளியார் சொல்லலாகாது. அவர்களை அவசரப்படுத்தவும் கூடாது. தேடுவதற்கான பணத்தை நிறுத்தவும் கூடாது.

ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று பொட்டோச்சாரி மயானத்தில், புதிதாக அடையாளம் தெரிந்தவர்களை அடக்கம் செய்கிறார்கள். இன்னும் ஆயிரம் பேர் அளவில் அகப்படவில்லை. குழி இருக்குமிடம் அறிந்தவர்கள் வாய் திறக்கவில்லை.